வெறும் வயிற்று நேர்ச்சை

வில்லியனூர்,
15.2

இயேசுவில் அன்புள்ள பாத்திமா அக்காவுக்கு,

தங்கை ஜெசிந்தா எழுதுவது. மரியே வாழ்க! வீட்டில் நானும் அம்மாவும் அப்பாவும் நலம். அங்கே மடத்தில் நீயும், மதரும், உன்னோடு பயிற்சியில் இருக்கும் சகோதரிகளும் நலமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறோம்.

அப்பாவுக்கு இந்த மாதமும் இரவு வாட்ச்மேன் வேலைதான். அம்மா வாசனை எண்ணெய்க் கம்பெனிக்கு நாள் தவறாமல் போகிறாள். வருகிற புதன் திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. மே மாதம் நீ கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுக்கும் நாளுக்கு வேன் பேசியாகிவிட்டது. மடத்திலிருந்து கேட்டிருந்த குடும்ப விவரத்தைப் பங்குச் சாமியார் அம்மாவிடம் விசாரித்து எழுதி அனுப்பிவிட்டார். நான் நன்றாகப் படிக்கிறேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

எங்களுக்காகச் செபி.

அன்புத் தங்கை,
ஜெசிந்தா மேரி


வில்லியனூர்,
10.3, இரவு

அன்புள்ள அக்கா,

போன கடிதத்தை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்ற வரியும் அம்மா சொன்னதுதான். அது பொய். பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதைச் சொல்லவில்லை.

இதை அம்மா தூங்கிய பிறகு, சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் புரண்டு படுத்தாலே எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

அக்டோபர் மாதம் பஸ்ஸில்தான் முதல்முறை வந்தது. கூட்டம்கூட இல்லை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. இப்போது சாகப் போகிறேன் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அடுத்த வாரம் பிரேயரில் வந்தது. பிறகு வகுப்பில். பிறகு ஒன்றுமே இல்லாமல் வீட்டில் துணி மடிக்கும்போது. இப்போதெல்லாம் அது வந்துவிடுமோ என்ற பயத்திலேயே வந்துவிடுகிறது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, அக்கா. நான்தான் நிறையப் பயந்திருந்தேன். அவள் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கும் மேடத்திடம், யாருக்கு என்று சொல்லாமல், மனப்பதற்றத்துக்கு என்ன நல்லது என்று கேட்டுக்கொண்டு வந்தாள். மறுநாளிலிருந்து டீ நின்றது. காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும். பத்து மணிக்கு ஒரு வாழைப்பழம். மதியத்துக்கு முருங்கைக்கீரை, சாயங்காலம் வறுத்த பூசணி விதையும் கொண்டைக்கடலைச் சுண்டலும். படுக்கும் முன்னால் சூடான பால். பிறகு ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு லாவெண்டர் விட்டு, என் உள்ளங்காலிலும் பிடரியிலும் தேய்த்துவிடுவாள். நாள் முழுக்க பாட்டில் நிரப்பிய கை அது. விரல் இடுக்கெல்லாம் வெட்டிவேர் வாசனையும் எலுமிச்சைப்புல் வாசனையும் இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் எனக்குப் பயம் வராது. டிசம்பரில் மூன்று தடவைதான் வந்தது. சரியாகிவிடும் என்றே நானும் நம்பினேன்.

ஜனவரியில்தான் சாமியார் வீட்டுக்கு வந்தார். வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் குடும்பத்தைப் பற்றிக் கேட்பது வழக்கமாம். கடைசியாக, குடும்பத்தில் யாருக்காவது நரம்புக் கோளாறோ மனநோயோ உண்டா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமலேயே, அதெல்லாம் எங்க வம்சத்திலேயே கிடையாது சாமி என்றாள். அவர் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மே மாசம் வரைக்கும் வாய மூடிக்கினு இருடி. அவ வார்த்தைப்பாடு முடியட்டும். தம்பிக்குப் புத்தி சரியில்லன்னு ஒரு பொண்ண மடத்துலேர்ந்து வூட்டுக்கே அனுப்பிட்டாங்களாம்" என்றாள். யார் அந்தப் பெண், எந்த ஊர் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. கம்பெனி வேனில் யாரோ சொன்னதாம்.

அன்றைக்குத்தான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். என்னால் உன் வார்த்தைப்பாடு நின்றுவிடக்கூடாது என்று வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். தவக்காலம் நாற்பது நாளும் ஒருசந்தி, இரவு மட்டும் சாப்பாடு. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள். கூழை நம் வீட்டு ஆட்டுக்குட்டிக்கு ஊற்றிவிட்டுக் குடித்துவிட்டேன் என்பேன். மதியம் டிபன் பாக்ஸை அப்படியே சுகன்யாவிடம் தள்ளிவிடுவேன். அவள் என் பெஞ்சில் உட்காருகிறவள், உனக்குத் தெரியாது. அவளுக்கு இதைப் பார்த்துச் சிரிப்பு. "இன்னாடி உங்க மாதா, பட்டினி போட்டாதான் கேப்பாங்களா? எங்க மாரியாத்தா கூப்புட்டு வெச்சிக் கூழு ஊத்துவா" என்பாள். சிரித்துக்கொண்டே சுண்டலை முழுக்கச் சாப்பிட்டுவிடுவாள்.

ஒருசந்தி தொடங்கிய மூன்றாம் நாளே கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு நாளில் இரண்டு தடவைகூட அது வந்தது. என் செபம் போதவில்லை என்று நினைத்து, தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன்.

நேற்று கெமிஸ்ட்ரி லேப்பில் வந்தது. அம்மா பையில் இருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்திருந்தேன், எலுமிச்சைப்புல் எண்ணெய். தேங்காய் எண்ணெய்க்கு எங்கே போவேன்? பாத்ரூமுக்கு ஓடி, அப்படியே கழுத்திலும் நெற்றிப்பொட்டிலும் ஊற்றித் தேய்த்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தீ வைத்த மாதிரி எரிந்தது. சுகன்யாதான் பின்னாலேயே வந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, டீச்சரிடம் கேட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே உஷாராணி என்று ஒரு நர்ஸ் அக்கா. என் கழுத்தைப் பார்த்ததும், "இன்னாடி இது, தோசக்கல்லுல தலய வெச்சிப் படுத்தியா?" என்று கேட்டார். மருந்து தடவிவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்றார். ஒன்றுமில்லை என்றேன். நேற்று மதியம்? ஒன்றுமில்லை. அதற்கு முந்தின நாள்? சுகன்யா எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். "வெறும் வயித்தோட இருந்தா யானைக்கே காலு நடுங்கும். நீ இருக்கிறதே முருங்கைக்குச்சி மாதிரி" என்று திட்டிக்கொண்டே, தன் டப்பாவிலிருந்து இரண்டு இட்லி எடுத்துக் கையில் வைத்தார். மாதா கோபிப்பார்களா என்று கேட்டேன். நோயாளிக்கு ஒருசந்தி கிடையாது என்பது தனக்கே தெரியும், சந்தேகம் இருந்தால் சாமியாரைப் போய்க் கேள் என்றார். சாப்பிட்டேன், அக்கா. தவக்காலத்தில், பகலில், இரண்டு இட்லி. அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் கை நடுக்கம் நின்றது. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அவர் அம்மா செய்ததைக் குறை சொல்லவில்லை. சாப்பாடு எல்லாம் சரி, விடாமல் சாப்பிடு என்றார். எண்ணெயைத் தனியாகத் தோலில் விடாதே, கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு மோந்தால் போதும் என்றார். ஆனால் ஐந்து மாதமாக வருவதற்கு இது மட்டும் போதாதாம். மனநல டாக்டர் மாதத்தில் ஒரு வியாழன் அங்கேயே வருவாராம். வருகிற 26ஆம் தேதி அம்மாவோடு வா, பெற்றவர் வந்துதான் ஆகவேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அம்மா அந்தச் சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மனநல என்று வந்ததும் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டாள். பிறகு என் கழுத்தைப் பார்த்துவிட்டு, தன் கையை முகர்ந்து பார்த்து அழுதாள். ஒருசந்தியையும் சொன்னேன். ஆட்டுக்குட்டி ஏன் இப்படிக் கொழுத்திருக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது என்றாள். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் தூங்க வருகிறார். பாப்பா எளைச்சிப் போச்சு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்று மூன்று வேளையும் சாப்பிட்டேன். நடுக்கம் இல்லை. ஆனாலும் சாயங்காலம் அது வந்தது, அக்கா. வயிறு நிறைந்திருந்தும் வந்தது. அம்மா ஓவர்டைம். வீட்டில் யாரும் இல்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, நீ படுக்கும் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் இன்னும் பாயில் பாதி இடம் விட்டுத்தான் படுக்கிறேன்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். 26ஆம் தேதி ஜெசிந்தாவைக் கூட்டிப்போ என்று அம்மாவுக்கு ஒரு வரி எழுது. உனக்குத் தெரிந்துவிட்டது, உனக்குப் பயமில்லை என்று தெரிந்தால் அவள் வருவாள். நான் சொன்னால் வரமாட்டாள்.

உனக்கு வரும் கடிதங்களை மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதற்காகவே இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். உங்கள் மடத்துக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பலாமா என்றும் பார்த்தேன். எனக்கு யாரையும் தெரியவில்லை. அதனால் மதருக்கும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மரியாதைக்குரிய மதர் அவர்களுக்கு, தோத்திரம். எங்கள் அம்மா சாமியாரிடம் சொன்னது சரியல்ல. அவள் கெட்டவள் இல்லை, பயந்துவிட்டாள். கோளாறு என்னிடம் இருக்கிறது, அக்காவிடம் இல்லை. சின்ன வயதில் வெள்ளம் வந்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சங்கராபரணி ஆற்றங்கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நடந்தவள் அவள். அவளுக்குக் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. தயவுசெய்து என்னை வைத்து அவளைத் தீர்மானிக்காதீர்கள். என்னைப் பற்றி என்ன கேட்க வேண்டுமானாலும் என்னிடமே கேளுங்கள், மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்தை மட்டும் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

அக்கா, நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் இதைத் தபாலில் போட்டுவிடுவேன். விடிந்தால் தைரியம் போய்விடும் என்று இப்போதே ஒட்டிவிடுகிறேன். நீ வரவேண்டும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன், எழுதவில்லை. மாதா உன்னை அங்கேயே நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன்,
ஜெசி