பாகான் செராய்க்கு ஒரு ரயில் சீட்டு

ஜூலை 15, செவ்வாய்

காலையிலிருந்தே கொளுத்துகிற வெயில். ஆவணக் காப்பகத்தில் ஏர்கான் மறுபடி படுத்துவிட்டது. பழைய அப்பீல் கோர்ட்டுக் கோப்புகள், நான்கு கட்டு. தூசி தட்டு, துருப்பிடித்த பின்னைக் கழற்று, பக்கத்துக்கு எண் போடு, ஸ்கேன் செய். படிப்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை. ஆனாலும் கண் சும்மா இருந்தால்தானே.

மூன்றாவது கட்டில் ஒரு கொலை வழக்கு. ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரைக் குத்திக் கொன்றதாக இரண்டு தொழிலாளிகள். முத்து, சின்னையா. தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. கோலா கங்சார் பக்கம், என் மாமனார் பிறந்த தோட்டம். அவர் அப்பா பெயர் சின்னையா. தூக்கில் போட்டுவிட்டார்கள் என்று நான் கல்யாணமாகி வந்த மாதமே சொல்லிவிட்டார்கள். ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் மாமா எள்ளும் தண்ணீரும் விடுவது அவருக்காகத்தான்.

தும்மல் நிற்கவில்லை. மாஸ்க் வாங்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

கடைசிப் பக்கத்தில் அப்பீல் தீர்ப்பு, நான்கே வரி. முதல் ஆள் விடுதலை, இரண்டாம் ஆளுக்குத் தண்டனை உறுதி. கீழ்க்கோர்ட்டுக் காகிதத்தில் முதல் ஆள் முத்து, இரண்டாம் ஆள் சின்னையா. அப்படியானால் வீட்டில் சொன்னது சரி. மனசு ஆறி டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து அப்பீல் கோப்பின் மேலட்டையைப் பார்த்தால் வரிசை மாறியிருக்கிறது. அங்கே முதல் ஆள் சின்னையா! யார் முதலில் மனு கொடுத்தாரோ அவர் பெயர் முதலில் என்று புவான் சொன்னார். புவான் எங்கள் மேலதிகாரி, இதிலெல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவர்.

அப்படியானால் விடுதலையானது மாமாவின் அப்பாவா? தூக்கில் போட்டது முத்துவையா? பக்கம் எண் போடுவதில் ஒரு தப்பு. 47க்குப் பிறகு 49.

வாங்க: எள், வாழைக்காய், சாம்பல் பூசணி, மாஸ்க் (மறந்துவிட்டேன்).

ஜூலை 18, வெள்ளி

என் வீட்டுக்காரர் மணியத்திடம் சொன்னேன். லாரியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"விடுதலை ஆயிருந்தா வீட்டுக்கு வந்திருப்பாரு. வரல. செத்துட்டாருன்னுதான அர்த்தம்? நீ பேசாம இருலா, சாந்தி. அப்பாவுக்கு ஏற்கனவே ஜந்தோங்."

இதய நோய்க்காரரிடம் சொல்கிற விஷயமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு வேறொன்று புரியவில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பேப்பரைப் பார்த்து "மொத ஆள விட்டுட்டாங்க" என்று லயத்து வீடுகளில் சொன்னாராம். கீழ்க்கோர்ட்டில் முத்துதானே முதல் ஆள், எல்லாரும் அவரென்றே நினைத்திருப்பார்கள். முத்துவுக்கு உற்றார் இல்லை, தேட ஆளில்லை. சின்னையா மட்டும் ஒரு தடவை வந்து நின்றிருந்தால் அன்றைக்கே குழப்பம் தீர்ந்திருக்கும். ஏன் வரவில்லை?

இங்கே லகாட்டில் சாயங்காலம் மழை. துணி எல்லாம் நனைந்தது.

ஜூலை 21, திங்கள்

கோப்பின் பின்னட்டைக்குள் ஒட்டிக்கிடந்த மெல்லிய தாள். ஜெயில் விடுதலைச் சீட்டு. சின்னையா என்று தெளிவாக இருக்கிறது. திரும்பக் கொடுத்தவை: சட்டை 1, கைலி 1, பெல்ட் 1. கீழே கட்டைவிரல் ரேகை. ரயில் சீட்டு, கைதி கேட்ட ஊருக்கு.

கேட்ட ஊர் பாகான் செராய்.

கோலா கங்சார் அல்ல. நான்கு முறை படித்தேன். வீட்டில் பெண்டாட்டி, நாலு வயது மகன், அதாவது மாமா. மனுஷன் ரயிலேறி வேறு பக்கம் போயிருக்கிறார். பயந்தாரா? மண்டோரின் ஆட்கள் அடிப்பார்கள் என்றா? பாகான் செராயில் யாராவது இருந்தார்களா? கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போட்டோ எடுக்கலாமா என்று புவானைக் கேட்டேன். "தாக் போலே, சாந்தி. பெலும் டஃப்தார்." பட்டியலில் ஏறாத தாள், முடியாது. சரி என்றேன். அழுகை வந்தது, தும்மலோடு சேர்த்துத் துடைத்துவிட்டேன்.

ஜூலை 23, புதன்

சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். வாழைக்காய் நறுக்கும்போது மாமாதான் ஆரம்பித்தார்.

"என்னம்மா, ரெண்டு நாளா மூஞ்சே சரியில்ல? வேலையில ஏதும் மசாலாவா?"

பிரச்சினைக்கு அவர் எப்போதும் மசாலா என்றுதான் சொல்வார். விடுதலையாகிப் போனவருக்கு நாளைக்குப் பிண்டம் வைக்கப் போகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதாவது, கிட்டத்தட்ட எல்லாவற்றையும்.

"எந்த ஸ்டேசன்னு சொன்ன?"

"பாகான் செராய், மாமா."

"அங்க நமக்கு ஆரும் இல்லியே."

அவ்வளவுதான். மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை, வெளியே போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். மருந்து போட்டாரா என்று இரண்டு முறை பார்த்தேன். போட்டார். மணியத்துக்கு என்மேல் கோபம்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

கோலா கங்சார் ஆற்றங்கரை. ஏழு மணிக்கே கூட்டம், கார் நிறுத்த இடமில்லை. தண்ணீர் காப்பி நிறம். ஐயர் பெயர்களைக் கேட்டார். மாமா அவருடைய அம்மா பெயரைச் சொன்னார்.

"அப்பா பேரு?"

"அவருக்கு வேணாம்."

ஐயர் நிமிர்ந்தார். "உயிரோட இருக்காரா?"

"தெரியாது, சாமி."

இருந்தால் நூறு தாண்டியிருக்கும். ஐயர் அம்மாவுக்கு மட்டும் மந்திரம் சொன்னார். மணியம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் செய்த வேலை, வேறென்ன.

முடிந்ததும் மாமா ஈரத்தோடு படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், துடைக்கவில்லை.

"எழுவது வருசமா அவருக்குச் சோறு வச்சிருக்கேன், சாந்தி. அவரு பாட்டுக்கு எங்கயோ சாப்டுக்கிட்டு இருந்திருக்காரு."



துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "அந்தக் காகிதத்துல எங்களப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?"

இதை இங்கேகூட எழுதாமல் வைத்திருந்தேன். அந்தச் சீட்டில் நெருங்கிய உறவினர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது. எழுதியவன் கேட்காமலே இழுத்தானோ, சின்னையாவே யாரும் இல்லை என்று சொன்னாரோ.

"போட்டிருக்கு, மாமா. சம்சாரம், ஒரு மகன்னு."

"மகன்னா? பேரோடயா?"

"பேரோட."

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து மறுபடி தண்ணீரில் இறங்கினார். "சாமி, கொஞ்சம் இருங்க. அப்பாவ விட்டுட்டேன்."