சத்தமில்லாமல் ஓடிய கண்மாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். புனேயில் நான் நலம். உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

ஆபீசில் ஒரு வேடிக்கை. வீடியோவைச் சுருக்கி, மறுபடி விரித்து ஓட்டும்போது எந்தக் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று பார்ப்பது என் வேலை. விற்கிறவர்கள் சொல்லும் வேகத்தை நான் நம்புவதில்லை. நரிக்குடிக் கண்மாய் நிறைந்ததை நீங்கள் செல்போனில் எடுத்து அனுப்பினீர்களே, அதையே எல்லாவற்றிலும் ஓட்டினேன். அலையும், கருவேல இலைகளும், உங்கள் கை நடுக்கமும் சேர்ந்து நல்ல கம்ப்யூட்டரையே திணறடித்தன. படம் மட்டும் போதுமென்று சத்தத்தை அணைத்திருந்தேன்.

நேற்று பக்கத்து மேசை நஸ்ரின், நம் ஊருக்குப் பக்கத்து வீரசோழன் பெண், ஹெட்போனை மாட்டிப் பார்த்தாள்.

"யக்கா, அப்பா கண் ஆபரேஷனுக்கு வருவியான்னு கேக்குறாக. காதை ஊருலயே விட்டுட்டு வந்துட்டீகளா?"

பிறகுதான் உங்கள் குரலைக் கேட்டேன். "நீ வந்தா தை பொறந்ததும் வச்சுக்கிறேன். இல்லைன்னா கெடக்கட்டும்மா."

கண்மாய் அழகாக இருக்கிறது என்றுதான் அன்று கட்டைவிரல் படம் அனுப்பினேன். அதை என் சம்மதமாக எடுத்துக்கொண்டு நீங்கள் தேதி வாங்கிவிட்டதாக நேற்று ராத்திரிதான் ராமலட்சுமி அண்ணி போனில் சொன்னார். உங்கள் கை நடுக்கத்தை 'நல்ல சோதனை' என்று அறிக்கையில் எழுதியவளும் நான்தான்.

தேதியை மாற்ற வேண்டாம். லீவு சொல்லிவிட்டேன், முந்தின நாளே வந்துவிடுவேன். கூழுக்குக் கொஞ்சம் கம்பு எடுத்து வையுங்கள். இதை நீங்களே படிக்க வேண்டும் என்றுதான் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

கண்மாய் வற்றுவதற்குள் இன்னொரு வீடியோ அனுப்புங்கள். பேசிக்கொண்டே எடுங்கள்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

மகள்,
இந்திராணி