பூட்டில்லாத பிரதி

பிப்ரவரி 9

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. போனில் பேசினால் "ம், சரிம்மா, வைக்கட்டுமா" என்பதைத் தாண்டி உன் வாயிலிருந்து எதுவும் வராது. அதனால்தான் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து டைப் செய்கிறேன். ஊரார் விண்ணப்பங்களையெல்லாம் அடித்துக் கொடுக்கிற கை, பெற்ற பிள்ளைக்கு ஒரு பக்கம் அடிக்காதா.

நீ அனுப்பிய கேம் வந்து சேர்ந்தது. "சும்மா பாரும்மா" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். சும்மாவா பார்ப்பேன்? மூன்று நாளாகக் கடையில் அதுதான் ஓடுகிறது. பதினேழு மாடிக் கட்டடம், அதில் லிஃப்ட் பழுது பார்க்கிற ஒரு பெண். எந்த மாடியில் கதவைத் திறந்தாலும் ஒரு குடும்பம், ஒரு சண்டை. அவள் ஸ்பேனரை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்கிறாளே, அதை எங்கே பார்த்தாய்? பிரிண்டரைக் கழற்றும்போது நான் ஸ்க்ரூடிரைவரை அப்படித்தான் கவ்விக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாய் என்றல்லவா நினைத்தேன். படவா.

ஆறாம் மாடி பால்கனியில் துணி காய்கிறது. கொடியில் போட்ட கிளிப்பைக்கூட நீ விட்டுவைக்கவில்லை. சிவப்பு, பச்சை, பச்சை, மஞ்சள். காற்றடித்தால் துணி ஆடுகிறது, கிளிப் பிடித்த இடம் மட்டும் ஆடாமல் நிற்கிறது. இதற்காக எத்தனை நாள் குனிந்து உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மேல்மாடிப் பல் டாக்டர் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், அரை மணி நேரம் நின்று பார்த்தார். "யாரு செஞ்சது?" என்றார். "எம்பையன்" என்றேன். அவருக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். அப்புறம் மருந்துக் கடைக்காரருக்கு, டாக்ஸிக்காரரின் மகளுக்கு, வங்கியில் வேலை பார்க்கிற இரண்டு பேருக்கு. இதுவரை இருபத்தாறு பேர். யாரிடமும் காசு வாங்கவில்லை. ஒவ்வொரு பென்டிரைவிலும் "என் மகன் செய்தது" என்று எழுதி ஒட்டித்தான் கொடுத்தேன்.

நகலெடுக்க முடியாதபடி பூட்டு எதுவும் போடாமல் அனுப்பியிருக்கிறாய். ஒரு தட்டுத் தட்டினேன், நகலாகிவிட்டது. அம்மா அந்தக் காலத்தில் பூட்டுகளோடு மல்லுக்கட்டியதைப் பார்த்து வளர்ந்தவன், வேண்டுமென்றேதான் பூட்டாமல் விட்டிருக்கிறாய் என்று புரிந்துகொண்டேன். பெருமையாக இருந்தது.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


பிப்ரவரி 11

அம்மாவுக்கு,

உன் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். அந்தக் கேம் இன்னும் வெளியாகவில்லை, அம்மா. ஏப்ரல் இருபதுதான் தேதி. உனக்கு வந்தது சோதனைப் பிரதி. தினமும் திறந்து திருத்துவதால் அதற்குப் பூட்டுக் கிடையாது. அதில் கொள்கையும் இல்லை, ஒன்றும் இல்லை.

வெளியே யாருக்கும் காட்ட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உனக்கு அனுப்பியதே தப்பு. முதலில் நீதான் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் அனுப்பிவிட்டேன். நாங்கள் பதினோரு பேர், ஐந்து வருடம் உழைத்திருக்கிறோம். எங்கள் தலைவி தன் தங்கையின் கல்யாணத்துக்கே லேப்டாப்போடு போய் உட்கார்ந்தவர். கடைக்கு வரும் முன்பே ஊரெல்லாம் சும்மா கிடைத்தால் யார் வாங்குவார்கள்?

இன்றைக்கே எல்லாரிடமும் சொல்லி அழிக்கச் சொல். உனக்கு இது பழகிப்போன தொழில், அதனால் உறைக்கவில்லை. இதற்குப் பெயர் திருட்டு.

மகன்


பிப்ரவரி 14

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைசிச் சொல்லில் இரண்டு முறையும் நின்றுவிட்டேன்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு இருபத்தாறு வீட்டுக்கும் போனேன். இருபத்தைந்து பேர் என் கண் முன்னாலேயே அழித்தார்கள். பல் டாக்டருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "குடுத்ததத் திருப்பி வாங்குறீங்களே, இதென்ன நியாயம்?" என்றார். டாக்ஸிக்காரரின் மகள்தான் தலையில் கல்லைப் போட்டாள். "ஆன்ட்டி, அவ்ளோ நல்லா இருந்துச்சு, எல்லாரும் பாக்கட்டுமேன்னு அன்னிக்கே நெட்ல போட்டுட்டேன்" என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் செய்ததைத்தான் அவளும் செய்திருக்கிறாள். போன நகல் திரும்பாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். இல்லை என்று சாதிக்க மாட்டேன். நம் கடைக்கு கேம் நகல் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் வாங்க வசதியிருந்தவர்கள்தான். தெரிந்தேதான் போட்டுக் கொடுத்தேன். ஆனால் மீதிப் பேரை நீ மறந்துவிட்டாய். கணக்கு வாத்தியாரை நினைவிருக்கிறதா? முறையாகக் கடையில் வாங்கியவர். சாவி எண் அச்சடித்த அட்டையைத் தொலைத்துவிட்டார். கேம் அவரைத் திருடன் என்று சொல்லி வெளியே தள்ளியது. வாங்கிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பாவம். அவருக்காகத்தான் முதன்முதலாகப் பூட்டைத் திறக்கக் கற்றேன். அப்புறம் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. உன் பள்ளிக்கூடம், வீட்டு அடுப்பு எல்லாம் அதில்தான் ஓடின.

அந்த வருடங்களில் ஒரு நாள்கூட, இதைச் செய்தவன் ஒருவன் எங்கோ உட்கார்ந்திருப்பானே என்று நான் நினைத்ததில்லை. இப்போது நினைக்கிறேன். நினைத்தால் அவனுக்கு உன் முகம் இருக்கிறது.

அம்மா


பிப்ரவரி 27

அன்புள்ள அம்மாவுக்கு,

அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது. ஒரு கேமின் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் முதன்முதலாகப் பார்த்ததே நீ திறந்து வைத்த பூட்டு வழியாகத்தான். அதில் படித்துத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தவுடன் உனக்கே பாடம் எடுத்தேன். மன்னித்துவிடு.

இங்கே நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். நம் பிரதியை உலகம் முழுக்க நாற்பதாயிரம் பேர் எடுத்துவிட்டார்கள். எங்களுக்குள் தாடி என்று ஒருவர் இருக்கிறார், பூட்டுப் போடுவதுதான் அவர் வேலை. நீ மெச்சிய கிளிப்புகள் அவர் கைவேலை, அம்மா. பதினோரு பேரின் பிரதியிலும் கிளிப்புகளின் நிறவரிசையை ரகசியமாக மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். வெளியே போனால் யாருடையது என்று பிடிக்கத்தான். நெட்டில் கிடப்பதைத் திறந்தார்கள். சிவப்பு, பச்சை, பச்சை, மஞ்சள். அது என்னுடையது.

"நாந்தான் போட்டேன்" என்றேன். "ஏன்?" என்று தலைவி கேட்டார். உன்னைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. கேம் வெளியாகும் வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். கேமின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் என் பெயர் இருக்காது. அந்தப் பெயர் ஓடும்போது உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஏப்ரலில் லீவு எழுதி வைத்திருந்தேன். ஐந்து வருடம், அம்மா. அதுதான் வலிக்கிறது.

நான் கிளம்பும்போது பெரிய வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் வெளியாவதை யாராவது நகலெடுத்தால், அந்தத் திருட்டுப் பிரதிகளில் லிஃப்ட் ஒன்பதாம் மாடியில் நின்றுவிட வேண்டும், அந்தப் பெண் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வரவே கூடாது, அப்போதுதான் புத்தி வரும் என்கிறார் தாடி. இன்னொருவர் வக்கீல் நோட்டீஸ் என்கிறார். வாசலில் நின்றபடி கணக்கு வாத்தியார் கதையைச் சொன்னேன். "காசு குடுத்தவன் ஒருத்தன் உள்ள மாட்டுனாலும் நாமதான் திருடங்க" என்றேன். தாடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். என்னோடு போகட்டும்.

உன் மகன்


மார்ச் 3

அன்பு மகனுக்கு,

யாரைக் கேட்டு என் தப்பை நீ எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாய்? இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டாயா? கோபத்தில் நேற்று முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு பக்கமும் கறுப்பாகவே ஜெராக்ஸ் போட்டேன்.

உன் தலைவிக்கு எழுதிவிட்டேன். உங்கள் கம்பெனி முகவரியைக் கண்டுபிடிப்பது எனக்குப் பெரிய காரியமா? எழுதியதை நீயும் படி:

"தலைவி அவர்களுக்கு வணக்கம். உங்கள் கேமை வெளியே விட்டது நான். என் பையன் எனக்குக் காட்டத்தான் அனுப்பினான். நான் பெருமை தாங்காமல் இருபத்தாறு பேருக்குக் கொடுத்தேன். நகல் போடுவதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு, அதனால் யோசிக்கவில்லை. இதற்கு எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். போனதைத் திருப்பித் தர என்னால் முடியாது. முடிந்ததைச் செய்திருக்கிறேன். அந்த இருபத்தாறு பேரையும் மறுபடி கடைக்கு அழைத்து உட்கார வைத்து, எங்கே எது இடித்தது என்று கேட்டு எழுதியிருக்கிறேன். நாற்பத்து மூன்று குறைகள் இருக்கின்றன. நான்காம் மாடிக் கதவு இரண்டாம் முறை திறப்பதில்லை. மருந்துக் கடைக்காரருக்கு எழுத்து பொடியாக இருக்கிறது, கண்ணாடி போட்டும் தெரியவில்லை. பதினொன்றாம் மாடிக் கிழவர் ஒரே வசனத்தை மூன்று தடவை சொல்கிறார் என்கிறார் பல் டாக்டர். மற்றவை பின்னால் இருக்கின்றன. குறை சொன்னவர்கள் எல்லாரும் ஒன்று கேட்டார்கள், முழுசாக எப்போது வரும் என்று."

சாப்பிட்டாயா இல்லையா என்று மட்டும் எழுது. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அம்மா


மார்ச் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

சாப்பிட்டேன். ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டேன். ஆமாம், மறுபடி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

உன் கடிதத்தைத் தலைவி எல்லாருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார். குறைகள் வந்ததும் தாடி பேனாவை எடுத்திருக்கிறார். நான்காம் மாடிக் கதவு அவர் கண்ணிலேயே படாதது. "இந்தம்மாவ வேலைக்கு எடுத்துக்கலாம்" என்றாராம். அவர் வாயால் ஒருவரைப் பாராட்டி இங்கே யாரும் கேட்டதில்லை.

அதற்கப்புறம் தலைவி செய்ததுதான் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. லிஃப்டை நிறுத்தும் யோசனையைத் தள்ளிவிட்டார். வக்கீலையும் வேண்டாம் என்றுவிட்டார். நெட்டில் நம் கேம் திருட்டுத்தனமாகக் கிடக்கும் இடங்களுக்கெல்லாம் தானே போய், தன் பெயரில் ஒரு கடிதம் போட்டார். "உங்களிடம் இருப்பது பாதி வெந்தது. அதை நாங்கள் திரும்பக் கேட்கவில்லை. எங்கே வேகவில்லை என்று மட்டும் சொல்லுங்கள், வேக வைக்கிறோம். முழுசு ஏப்ரல் இருபது வரும். பிடித்திருந்தால் வாங்குங்கள், நாங்கள் அடுத்ததைச் செய்யலாம்" என்று எழுதினார். கண்டபடி ஏசியவர்களும் உண்டு. ஆனால் எழுநூறு பேர் குறை எழுதியிருக்கிறார்கள், அம்மா. ஒவ்வொருவருக்கும் அவரே பதில் போடுகிறார். அப்படி ஒரு ஆளிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

பெயர் மட்டும் கிடையாது. "ஒங்கம்மா காப்பி போட்டது அவங்க தப்பு. கையெழுத்துப் போட்டுட்டு வெளிய அனுப்புனது ஒந்தப்பு. அப்புறம் எங்கிட்டயே பொய் சொன்ன. வேலைக்கு வா. பேரு இந்தத் தடவ இல்ல" என்றார். நியாயம்தான்.

லீவை ரத்து செய்துவிட்டேன். பெயரே இல்லாத பட்டியலை வந்து பார்த்து என்ன செய்யப் போகிறேன்.

உன் மகன்


மே 2

அன்பு மகனுக்கு,

ஏப்ரல் இருபது காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகக் கேமை வாங்கினேன். கேட்ட விலையைக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் வாங்கிய முதல் கேம் இதுதான். பல் டாக்டரும் வாங்கிவிட்டார், மருந்துக் கடைக்காரரும் வாங்கிவிட்டார். எழுத்து பெரிதாகிவிட்டதாம், கண்ணாடி வேண்டியிருக்கவில்லையாம்.

பதினேழு மாடியும் ஏறி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. கடைசியில் மொட்டை மாடிக் கதவைத் திறந்து அவள் முதன்முதலாக வெளிக்காற்றில் நிற்கிறாளே, அங்கே நான் அழுதேன். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றது தெரியவில்லை.

பிறகு பெயர்கள் ஓடின. கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். "வீடுகளும் மனிதர்களும், ஆறு முதல் பதினேழாம் மாடி வரை" என்று ஒரு வரி வந்தது. அதற்கு நேராக எதுவும் இல்லை. உன் தலைவி உன் பெயரைப் போடவில்லை, உன் வேலைக்கு நேராக வேறு யார் பெயரையும் போடவும் இல்லை. இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். அந்த அம்மாளை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆனாலும் எனக்கு ஆறவில்லை. மறுநாள் மதியம் கடைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். தாடி பெயர்ப் பட்டியலை நன்றாகத்தான் பூட்டி வைத்திருக்கிறார். திறக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. கை மறக்கவில்லை. உள்ளே போய், அந்த வரிக்கு நேராக உன் பெயரை அடித்தேன். அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சேர்த்து அடித்தேன். வேறு எதையும் தொடவில்லை. மறுபடி மொட்டை மாடி வரை ஏறிப் போய் ஓட விட்டேன். ஓடியது.

டாக்ஸிக்காரரின் மகள் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்க" என்றாள். முடியாது என்றுவிட்டேன். உலகத்தில் இது ஒரு பிரதிதான் இருக்கிறது, இதற்கு நகல் கிடையாது. நீயும் கேட்காதே, உனக்கும் அனுப்ப மாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வா.

அம்மா