செம்பருத்தியில் ஒரு பெரிய வெள்ளைப் பூச்சி

ஜூன் 4
இரண்டு சட்டை, ஒரு பள்ளிச் சீருடை தைத்து முடித்தேன். நாத்தனார் பயிற்சிக்கு வெளியூர் போயிருக்கிறாள். அவளுடைய செம்பருத்தித் தொட்டி எங்கள் தோட்டத்தில். "அண்ணி, உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றாள். என் கையில் கள்ளிச்செடிகூடப் பிழைத்ததில்லை என்பது அவளுக்கும் தெரியும். வேறு வழியில்லாமல் விட்டிருக்கிறாள். இப்போது கொழுந்தெல்லாம் மாவுப்பூச்சி. என்ன பதில் சொல்வேன்?

ஜூன் 7
தங்கை செடியாயிற்றே, இவர் களத்தில் இறங்கிவிட்டார். பஸ் ஓட்டிவிட்டு வந்ததும் பழைய பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்கிறார். "பெருசு பெருசாப் பிடிச்சிருக்கேன், பாரு." சின்னது அவர் கண்ணில் பட்டால்தானே. கண்ணாடி போடச் சொன்னால், "பஸ்ஸே ஓட்டுறேன், பூச்சி தெரியாதா?"

ஜூன் 8
பிடிக்கப் பிடிக்கப் பெருகுகிறது.

ஜூன் 10
பெரிய பூச்சி ஒன்று விறுவிறுவென்று நடந்தது. மாவுப்பூச்சி இப்படி ஓடுமா? உடம்பெல்லாம் வெள்ளை இழை, ஓரம் அடிக்காத துணி மாதிரி. பூச்சி பிடித்த கொழுந்து ஒன்றோடு அதைப் புட்டியில் போட்டு, புட்டியின் வாயில் வலைத்துணி கட்டினேன். "கொல்றதை விட்டுட்டு விருந்து வைக்கிறியா?" என்றார் இவர்.

ஜூன் 11
கொழுந்து அப்படியே இருக்கிறது. அதிலிருந்த மாவுப்பூச்சிகளைத்தான் காணோம். அப்படியென்றால் — அட கடவுளே, இத்தனை நாளா இந்த மனுஷன் காவல்காரனை எல்லாம் முக்கிக் கொன்னுட்டு திருடனை விட்டுட்டாரா?

சொன்னேன். நேரே போய்ப் பிரஷ்ஷைக் குப்பையில் போட்டார். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. செடியில் தேடினேன். நல்லவேளை, இலைக்கடியில் இன்னும் சில இருக்கின்றன.

ஜூன் 18
புட்டிக்குள் அது அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செத்துவிட்டதா? மனசே சரியில்லை.

ஜூன் 26
சாகவில்லை. புட்டியில் கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வண்டு. கறுப்பு உடம்பு, செம்மஞ்சள் தலை. போனில் தேடிப் படம் பார்த்தேன். பொறிவண்டு வகைதான். மாவுப்பூச்சிதான் சாப்பாடு. வண்டாக மாறுமுன், புழுவாக இருக்கும்போது, அந்த மாவுப்பூச்சி போலவே வேஷமாம். நாங்கள் என்னத்தைக் கண்டோம்? செடியில் விட்டேன். இவர் குனிந்து, "மன்னிச்சுக்கப்பா" என்றார், வண்டிடம்.

ஜூலை 9
நாத்தனார் வந்தாள். பாதி இலை உதிர்ந்த செடியைப் பார்த்து முகம் வாடிவிட்டது. இவர் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் சிரிக்கவில்லை. நுனியில் வந்திருக்கும் புதுத் துளிரை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 13
காலையில் வாசலில் நாத்தனார், இடுப்பில் ரோஜாத் தொட்டியோடு. "அண்ணி, இதுல என்னமோ ஊருது. நீங்க பாத்துச் சொல்லுங்க, அதுக்கப்புறம்தான் கை வைப்பேன்."

தையலை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.