மகன் சேரப்போகும் தீயணைப்புப் படை

06.10.86 திங்கள்
மழை. காலமை மகள் ராணியோடு லா ஷப்பல் தெருத் தமிழ்க் கடைக்கு. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம். எல்லாம் ஜெர்மனிக்கு, மகன் சிவா வீட்டுக்கு. நாளைக்கு ஒரு வான் வண்டி அங்கை போகுது. தூளாக அரைத்து அனுப்பலாமே என்றாள் ராணி. மாட்டேன். வறுத்த அன்றே அரைக்கிற தூளின் மணம் வேறை.

சிவா இருப்பது சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, மிச்சம் மாட்டுக் கொட்டில். முந்தி ஒருக்கால் ஊரே எரிந்ததாம். அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒரு ஆம்பிளை தீயணைப்புப் படையில் நிற்கவேணும். சம்பளம் கிடையாது. சிவாவின் வீட்டுக்காரக் கிழவிக்குப் புருஷன் இல்லை. அந்த இடத்துக்கு என்ரை பிள்ளையைக் கேட்டிருக்கினம்! வாற ஞாயிறு படைக்காரர் கூடிக் கை உயர்த்தி முடிவு. அகதி என்று போனவன். ஐந்தாம் வகுப்புப் படித்தவளின் மகன்.

09.10 வியாழன்
வெயில். முழங்கால் நோ. மருமகள் வசந்தி போன். சாமான் வந்துவிட்டது. வறுக்கிற பக்குவம் கேட்டாள். நிறம் மாறும்வரை வறு, ஜன்னலைத் திறந்து வை, இல்லாட்டி தும்மியே களைச்சுப்போவாய் என்றேன்.

11.10 சனி
பின்னேரம் சிவா போன். குரலே சரியில்லை. வசந்தி ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு மிளகாய் வறுத்திருக்கிறாள். முன்வீட்டார் புகையைக் கண்டு சொல்ல, ஊர்ச் சைரன். படையோடு பழகிக்கொண்டு நின்ற சிவாவும் ஓடிப்போய்த் தீயணைப்பு வண்டியில் ஏறினானாம். வண்டி வந்து நின்றது அவன்ரை வாசலில்.

படைக்குத் தலைவர் பேக்கரிக்காரர். முதல் ஆளாக உள்ளே போனவர் இருமி இருமி வெளியே ஓடிவந்தாராம். மற்றவர்களும் அப்படித்தான். சிவா போய் அடுப்பை நிற்பாட்டிச் சட்டியைத் தூக்கி வந்தான். வசந்தி அகப்பையோடு பின்னாலே, இன்னும் வறுபடேல்லை என்று சண்டை.

சிரித்தார்களோ என்று கேட்டேன்.

"இல்லையம்மா. கண்ணைத் துடைச்சுக்கொண்டு வண்டியிலை ஏறினவை. போயிட்டினம்."

இரவு சாப்பிடும்போது, எல்லாம் உங்கடை மிளகாயாலை என்கிறாள் ராணி. வாயைப் பார். நல்ல மிளகாய்.

12.10 ஞாயிறு
குளிர். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய். போன் அடிக்குமட்டும் ஒன்றும் ஓடவில்லை.

எல்லாரும் கை உயர்த்தினவையாம். அதற்கு முதல் பேக்கரிக்காரர் எழும்பிப் பேசினாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அந்தப் புகைக்குள்ளை இருமாமல் நிண்டவன் இவன் ஒருத்தன்தான். இனி எங்கை நெருப்பெண்டாலும் இவன்தான் முன்னுக்குப் போறது எண்டு சொன்னவர், அம்மா."

திருப்பிச் சொல்லு என்றேன். சொன்னான்.