பெட்டி மாறிய சரக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் நன்றாக இருந்தால் போதும். போனில் பேசினால் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள், அதனால் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நர்ஸம்மா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேனே, அது உண்மைதான். ஆனால் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. முதலில் கேட்ட மருந்து இப்போது கேட்கவில்லை.

அது எப்படி என்று கிருமிப் பரிசோதனை செய்யும் டாக்டரம்மாவிடம் மல்லுக்கு நின்றேன். பாக்டீரியாவையும் வைரஸ் பிடிக்குமாம். உள்ளே புகுந்து தன்னைப் பல பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் ஓர் உறையில் அடைத்து, அந்த பாக்டீரியாவையே உடைத்துக்கொண்டு வெளியேறுமாம். அந்த அவசரத்தில் ஏதோ ஓர் உறைக்குள் தன் சரக்குக்குப் பதிலாக அந்த பாக்டீரியாவின் மரபணுத் துண்டை அடைத்துவிடுமாம். அது அடுத்த பாக்டீரியாவிடம் போய் இறங்கிவிடும். தோலில் சாதுவாகக் கிடந்த பாக்டீரியா ஒன்றிடமிருந்து மருந்தை ஏய்க்கும் வித்தை இப்படித்தான் புண்ணிலிருக்கும் பொல்லாததற்கு வந்திருக்கலாம் என்றார். பார்சல் கிடங்கில் காலம் தள்ளியவனுக்கு இது புரியாதா? மிக்சிப் பெட்டியில் இஸ்திரிப்பெட்டியை வைத்து ஒட்டித் திட்டு வாங்கியவன் நான். அதுவாவது திரும்பி வந்தது. இது திரும்பாதாம், அங்கேயே தங்கி அதன் வாரிசுகளுக்கெல்லாம் போய்ச் சேருமாம்.

இனி ஒரே ஒரு மருந்துதான் பாக்கி, நேற்று ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். அதுவும் கேட்காவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. அதற்கு மேலும் ஏதோ சொல்ல வந்தார், நான் எழுந்து வந்துவிட்டேன். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்தால் உதறிவிட்டு, போய் சோப்பு போட்டுக் கழுவுங்க என்று விரட்டுகிறாள். பாப்பாவை வரவேண்டாம்னு சொல்லிடுங்க, என் கிருமி பேரனுக்கு ஒட்டிக்கும் என்று ஒரே பிடிவாதம்.

குட்டிப்பயலுக்குச் சளி என்றால் வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தை நீயாகக் கொடுக்காதே, டாக்டரைக் கேள். மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் இருக்க வேண்டும். வரவேண்டாம் என்று உன் அம்மா சொன்னதை எழுதிவிட்டேன். நீ அவனை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வா. எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா