யூரினைத் தடுக்கிற மாத்திரை

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத இந்த முறை எனக்குக் கை வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பதறாதே, எழுந்து உட்கார்ந்து சாப்பாட்டில் உப்பில்லை என்று குறை சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை, அதில் பாதி அவர்மேல், மீதி உன்மேல். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் போனில் அவர் உன்னிடம், இந்த மாத்திரை உள்ள போய் என்னதான் பண்ணுது என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா. நான் கொடுத்த சிறுநீரகத்தை அவர் உடம்பு அந்நியப் பொருள் என்று அடித்துத் தள்ளிவிடாமல் இருக்கக் காலையும் இரவும் விழுங்குகிறாரே, அந்த மாத்திரை. நீ ஆராய்ச்சி பண்ணுவதே அது போய்ப் பிடிக்கிற கால்சினூரின் என்ற நொதியைத்தான் என்பதால் உனக்குக் குஷி பிறந்துவிட்டது. கால்சியம் ஏறும், நொதி முழித்துக்கொள்ளும், பாஸ்பேட்டைக் கழற்றும் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுக் கடைசியில், இந்த மாத்திரை கால்சினூரினைத் தடுக்கும்ப்பா என்றாய். அவர் காதில் விழுந்தது இரண்டே வார்த்தை, கால்சியம், யூரின். மாத்திரை யூரினைத் தடுக்கும் என்று என் பொண்ணே சொல்லிட்டா என்று முடிவு கட்டிவிட்டார். டயாலிசிஸில் கிடந்த காலத்தில் அந்த மனுஷனுக்கு ஒரு சொட்டு இறங்காது. ஆபரேஷன் முடிந்து யூரின் பை நிறைந்ததைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதவர். அதைத் தடுக்கிற மாத்திரையை விழுங்குவாரா. நான் டம்ளரில் தண்ணீரோடு கொடுப்பேன், வாயில் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போவார், காற்று வாங்கப் போகிறார் என்று நானும் இருந்தேன். எல்லாம் பூந்தொட்டி மண்ணுக்குள் போயிருக்கிறது. முதலில் இரவு மாத்திரையை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறார். கால் வீங்கிச் சிறுநீர் குறைந்ததும், பழைய மாத்திரையின் வேகம் இன்னும் உடம்பில் மிச்சம் இருக்கிறது என்று காலை மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறார். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது சொல்.

வார்டு டாக்டரம்மா பொறுமையாக உட்காரவைத்து விளக்கினார். நான் அதை எங்கள் சலவைக்கடையை வைத்துப் புரிந்துகொண்டேன். துணியில் சீட்டு குத்தியிருக்கும் வரைக்கும் அது கம்பியிலேயே தொங்கும், சீட்டைக் கழற்றினால்தான் முன்பக்கம் போகும், அந்தக் கழற்றுகிற வேலை என்னுடையது. உடம்பில் சண்டைக்கு ஆள் கூப்பிடுகிற புரதம் ஒன்றுக்கும் பாஸ்பேட்டைச் சீட்டு மாதிரி குத்தி வைத்திருக்கிறதாம். உன் நொதி அதைக் கழற்றினால் அது செல்லின் உள்ளறைக்கு ஓடி மணியடிக்கும், படை கிளம்பி வந்து என் சிறுநீரகத்தை அடிக்கும். அந்த நொதி தானாக எழுந்திருக்காது, கால்சியம் வந்து தட்டி எழுப்ப வேண்டும். அதை அடக்கி வைக்க உடம்பிலேயே மேஸ்திரி மாதிரிப் புரதங்கள் உண்டாம், ஆனால் வெளியிலிருந்து ஓர் உறுப்பு வந்து உட்கார்ந்திருக்கும்போது அந்த மேஸ்திரிகள் போதாது, அதனால்தான் மாத்திரை போய் அதன் கையைப் பிடித்துக்கொள்கிறது. அதே நொதி மூளையிலும் நரம்பிலும் வேலை பார்க்கிறது, மாத்திரை அங்கேயும் அதைப் பிடித்துக்கொள்வதால்தான் மாத்திரை போட்ட நாளெல்லாம் அவருக்குக் கை நடுங்கியதாம். தப்பிருந்தால் திருத்து, சிரிக்காதே. இதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். நீ கடையில துணி பாக்கறவ, அவ படிச்சவ என்கிறார். டாக்டரம்மா சொன்னால், அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க என்கிறார். நீ வாய் திறந்தால்தான் அவருக்கு வேதவாக்கு. சந்தேகம் வந்து உன்னை மறுபடி கூப்பிட்டும் இருக்கிறார், நீ மீட்டிங்கில் இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாயாம். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

இப்போது ஊசி வழியாக மருந்து ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் பழையபடி வேலை செய்யுமா என்று டாக்டரம்மாவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என்னிடம் கொடுக்க இன்னொன்று இல்லை. நேற்று நர்ஸ் வந்து, ஒருவேளை இது கைகொடுக்கவில்லை என்றால் வீட்டில் சிறுநீரகம் கொடுக்க வேறு யாராவது இருக்கிறார்களா, பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். பேப்பர் போடுகிறவரிடம்கூட என் பொண்ணு விஞ்ஞானி என்று பீற்றிக்கொள்கிற மனுஷன், கொஞ்சமும் தயங்காமல், எங்களுக்குக் குழந்தையே இல்லம்மா என்றார். நான் வாயைத் திறந்தேன். போர்வைக்கு அடியில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். உன்னைப் பெற்று வளர்த்த நானும் பக்கத்தில் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே, வந்தால் உன்னை யார் என்று இங்கே சொல்வது. போன் மட்டும் பண்ணு, இன்றைக்கே பண்ணு. அந்த நொதியின் பெயரைத் தயவுசெய்து எடுக்காதே. மாத்திரையைப் போடுப்பா என்று சொல், அது போதும். நான் இதை எழுதினேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்க மறந்துவிடாதே. ஒரு குறையும் இல்லாமல், இரண்டு சிறுநீரகத்தோடும் நீ நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத
அம்மா